வெள்ள நிவாரணமா, பயிர்க் காப்பீடா? டெல்டா விவசாயிக்கு ஒரு கணக்கு

சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை பிடிக்கும்போது டெல்டாவில் ஆண்டுதோறும் இந்தக் கேள்வி எழும். ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டிப் பயிர்க் காப்பீடு செய்வதா, வெள்ளம் வந்தால் அரசு எப்படியும் நிவாரணம் தரும் என்று விட்டுவிடுவதா? "போன வருஷம் கட்டினேன், ஒரு பைசா வரலை" என்பவர் ஓர் ஊரில் இருப்பார். அடுத்த ஊரில் ஏக்கருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வாங்கியவர் இருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். இரண்டு பணமும் வேறு வேறு அளவுகோலால் அளக்கப்படுகின்றன என்பதுதான் விஷயம். நிவாரணக் கணக்கெடுப்பு உங்கள் வயலைத் தண்ணீர் வடிந்ததும் பார்க்கிறது. காப்பீடு உங்கள் வருவாய் கிராமத்தின் சராசரி மகசூலை அறுவடையின்போது பார்க்கிறது. ஒன்றை வாங்கினால் மற்றது கிடையாது என்று டீக்கடையில் சொல்வார்கள், அப்படி இல்லை. இரண்டும் தனித்தனி நிதி, தனித்தனி தகுதி.

முதலில் நிவாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. இவை 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த விகிதங்கள். அதற்குப் பிந்தைய சேதத்துக்கு அப்போதைய அரசாணையில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதுதான் நெல்லுக்கான தொகை 13,500-லிருந்து 17,000 ஆனது. ஹெக்டேர் கணக்கு காதுக்குப் பெரிதாகக் கேட்கும். ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 6,880 ரூபாய், ஒரு மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, 2,290. மேல் வரம்பு ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பத்து ஏக்கர் முழுவதும் மூழ்கினாலும் நெறிமுறைப்படி 34,000 ரூபாய்தான்.

சில ஆண்டுகளில் மாநில அரசு கூடுதலாகத் தந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் பெய்த பருவம் தவறிய மழைக்கு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். அதே அறிவிப்பில் நெல் தரிசில் விதைத்த இளம் பயறுக்குக் கிடைத்தது ஹெக்டேருக்கு 3,000. கூடுதல் தொகை அந்தந்த நேரத்து முடிவு. அதை வரவுக் கணக்கில் வைத்துக்கொண்டு காப்பீட்டை விடுவது ஆபத்து.

நிவாரணத்தில் தொகை இரண்டே நிலைதான். 33 சதவீதத்தைத் தொட்டால் முழு விகிதம், தொடாவிட்டால் ஒன்றுமில்லை. முழுக்க அழுகிப்போன வயலுக்கும் மூன்றில் ஒரு பங்கு போன வயலுக்கும் ஒரே பணம். 2015-க்கு முன் இந்தக் கோடு 50 சதவீதத்தில் இருந்தது. இப்போது இறங்கியிருப்பது நன்மை என்றாலும் கோட்டுக்குக் கீழே 30 சதவீதம் இழந்தவருக்கு வழியில்லை. இந்தக் கோட்டை முடிவு செய்வது கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து எடுக்கும் கூட்டுக் கணக்கெடுப்பு. அதில் நெல்லுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் ஐந்தாறு நாள் மூழ்கிய பயிர், தண்ணீர் வடிந்து யூரியாவும் ஜிங்க் சல்பேட்டும் தெளித்தால் பச்சை பிடித்துவிடும். பத்து நாள் கழித்து வருகிறவர் கண்ணுக்கு வயல் சுமாராகத்தான் தெரியும். ஆனால் தூர் எண்ணிக்கை குறைந்தது குறைந்ததுதான். அது தை மாதம் மூட்டையில் தெரியும். கதிர் வெளிவரும்போதோ பூக்கும்போதோ மூழ்கினால் இன்னும் மோசம். பயிர் நிமிர்ந்து நிற்கும், கதிரெல்லாம் பதராக இருக்கும். ஆகவே தண்ணீர் நிற்கும்போதே வரப்பில் நின்று படம் எடுத்து வையுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே பதிவாகும்படி கைபேசியில் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். வடிந்த பிறகு கதிரை உருவிப் பதரைக் காட்டும் படமும் வேண்டும். கணக்கெடுப்பு அன்று வயலில் நீங்கள் இல்லாவிட்டால் பக்கத்து வயலைப் பார்த்து உங்கள் வயலுக்கும் சேர்த்து எழுதிவிடும் வாய்ப்பு அதிகம்.

இனி காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்கு காரீப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்துக்குக் காப்பீட்டுத் தொகையில், அதாவது முழு இழப்புக்குக் கிடைக்கும் உச்சத் தொகையில், 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலச் சாகுபடி) 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டக்கலைப் பயிருக்கும் 5. தமிழ்நாட்டில் சம்பாவுக்கு 1.5 சதவீதம். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளுடையது. டெல்டாவில் சம்பா நெல்லின் காப்பீட்டுத் தொகை மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். கணக்குக்கு எளிதாக ஏக்கருக்கு 36,000 என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய்.

இழப்பீடு வரும் வழி இது. கடந்த ஏழு ஆண்டுகளில் மகசூல் நன்றாக இருந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துச் சராசரி போடுவார்கள். அதை 70, 80, 90 என்ற மூன்று நிலைகளில் உங்கள் பகுதிக்கும் பயிருக்கும் அறிவித்த சதவீதத்தால் பெருக்கினால் கிடைப்பது உத்தரவாத மகசூல். ஐந்தாண்டுச் சராசரி ஏக்கருக்கு முப்பத்தேழரை மூட்டை, நிலை 80 என்றால் உத்தரவாதம் 30 மூட்டை. இந்த ஆண்டு கிராமத்தின் சராசரி 22 மூட்டை என்று வந்தால் குறைவு 8. முப்பதில் எட்டுப் பங்கு, 36,000-க்கு 9,600 ரூபாய். சராசரி 28 என்றால் 2,400. சராசரி 31 வந்துவிட்டால் பூஜ்ஜியம், உங்கள் வயலில் ஐந்து மூட்டைதான் விளைந்தது என்றாலும் சரி.

"ஒரு பைசா வரலை" என்ற புகாரில் பெரும்பங்கு இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. இரண்டு காரணங்கள் அங்கே சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, முப்பத்தேழரைக்கும் முப்பதுக்கும் இடையிலான இழப்பு எப்போதும் விவசாயியின் தலையில்தான். இரண்டு, அளப்பது கிராமத்தை. ஒரு வருவாய் கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில் சோதனை அறுவடை செய்வார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். எந்தச் சர்வே எண் என்பதைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். கிராமத்தில் பாதி மேடு, பாதி பள்ளம் என்றால், நான்கில் மூன்று மேட்டில் விழுந்தாலே பள்ளத்துக்காரரின் இழப்பீடு கரைந்துவிடும். நெல்லுக்கு 2023 காரீப் முதல் செயற்கைக்கோள் வழி கணிக்கும் மகசூலுக்கும் குறைந்தது 30 சதவீத எடை தர வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. ஆனாலும் வரப்பில் நடக்கும் சோதனை அறுவடைதான் இன்னும் பெரிய பங்கு. எந்தெந்தச் சர்வே எண் தேர்வாகியிருக்கிறது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம், அறுவடையின்போது உடன் நிற்கலாம். தேர்வான வயல் அழிந்திருக்கிறது என்பதற்காகச் சதுரத்தைப் பக்கத்து நல்ல வயலுக்குத் தள்ளினால் அங்கேயே எதிர்த்துக் கேளுங்கள். அறுவடை முடிந்த பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. தாள் அறுத்த வயலில் அளக்க ஒன்றும் இருக்காது.

இப்போது எந்த வயலுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். தலைஞாயிறு, கீழ்வேளூர் பக்கத்துக் கடைமடை ஊர்களில் வடிகால் அடைத்துக்கொண்டால் ஊரே மூழ்கும். அங்கே காப்பீடு நன்றாக வேலை செய்யும். ஊர் சராசரியும் உங்கள் வயலும் சேர்ந்தே விழுவதால் ஏக்கருக்கு 6,880 நிவாரணத்துக்கு மேல் காப்பீட்டிலும் கணிசமாகக் கிடைக்கும். இந்த ஊர்களில் 540 ரூபாயை மிச்சம் பிடிப்பது சரியான கணக்கு இல்லை. ஐந்து ஏக்கருக்கு மேல் சாகுபடி செய்கிறவருக்கு இது இன்னும் பொருந்தும். நிவாரணம் 2 ஹெக்டேரோடு நின்றுவிடும். காப்பீட்டுக்கு அப்படி வரம்பில்லை, பதிந்த பரப்பு முழுவதற்கும் வரும்.

மேட்டூர் தண்ணீர் வந்து சேராமல் விதைக்கவே முடியாத ஆண்டிலும் காப்பீடுதான் கைகொடுக்கும். கிராமத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ பரப்பு விதைக்கப்படாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம், நம் கணக்கில் 9,000 ரூபாய் கிடைக்கும். அத்தோடு அந்தப் பருவத்தின் காப்பீடு முடிந்துவிடும். ஆனால் அந்த அறிவிப்பு வருமுன்பே நீங்கள் பதிந்திருக்க வேண்டும். நிவாரணமோ விதைத்த பரப்புக்கு மட்டும்தான்.

இதற்கு நேர்மாறான நிலைமை ஊரே மேடாக இருந்து, உங்கள் வயல் மட்டும் வடிகாலை ஒட்டிய பள்ளத்தில் கிடப்பது. இங்கே கிராமச் சராசரி விழாது, நிவாரணம்தான் துணை. தனி வயல் இழப்பைத் தனியாகப் பார்க்கும் பிரிவு பயிர்க் காப்பீட்டிலும் உண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல் தீ, வெள்ளம் சூழ்தல். ஆனால் 2018-ல் நெல்லை வெள்ளம் சூழ்தல் என்ற இனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், தண்ணீரிலேயே வளரும் பயிர் என்ற காரணம் சொல்லி. டெல்டாவுக்கு இதைவிடப் பொருந்தாத முடிவு இருக்க முடியாது. வயலில் இரண்டு அங்குலம் நிற்கும் தண்ணீரும் கதிர் மூழ்க நிற்கும் தண்ணீரும் ஒன்றல்ல. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தது, 2026 காரீப் முதல் நடைமுறை. உங்கள் மாவட்டத்துக்கான அந்தப் பருவத்து அறிவிப்பில் இந்த இனம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் பள்ள வயல்காரரும் காப்பீடு செய்வது லாபம். இல்லையென்றால் அவருக்கு மட்டும் 540 ரூபாய் வீண் செலவாகும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லத்தான் வேண்டும்.

தனி வயல் இழப்புக்கு 72 மணி நேரக் கெடு. 14447 என்ற எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கி அல்லது வேளாண் அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். செயலியில் போட்டால் படமும் இடமும் சேர்ந்து பதிவாகும், பதிவு எண்ணும் கையில் கிடைக்கும். அறுத்து வயலில் பரப்பிய நெல்லுக்கும் 14 நாள் வரை இதே கெடுவில் பாதுகாப்பு உண்டு, புயல் மழையோ பருவம் தவறிய மழையோ காரணமாக இருந்தால். களத்தில் மூட்டை கட்டி அடுக்கிய நெல்லுக்கு இது கிடையாது.

இரண்டுமே கண்டுகொள்ளாத ஓர் இழப்பு உண்டு. சாய்ந்த கதிரை டயர் பூட்டிய அறுவடை வண்டியால் அறுக்க முடியாது. பெல்ட் வண்டிதான் இறங்க வேண்டும், மணி வாடகை கூடுதல், ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கும்வரை காய வைக்கிற கூலி வேறு. மகசூல் குறையாமல் செலவு மட்டும் ஏறினால் அதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. கையிருப்பில் இதற்கென்று ஏக்கருக்கு ஒரு தொகை ஒதுக்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பணம் வரும் வேகத்தில் நிவாரணம் முந்தும். அறிவிப்பு, கணக்கெடுப்பு, அரசாணை, வங்கிக் கணக்கு என்று சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் முடியும். காப்பீடு அறுவடை முடிந்து, சோதனை அறுவடைத் தரவு தொகுத்து, நிறுவனம் ஏற்றுக்கொண்டு வருவதற்குள் அடுத்த குறுவையே நட்டுவிடலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தர வேண்டும் என்று விதி இருக்கிறது, கேட்கிறவர்கள் குறைவு. அடுத்த சாகுபடிக்கு விதையும் உழவுக் கூலியும் வேண்டும் என்றால் காப்பீட்டுப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள். 33 சதவீதச் சேதம் என்று கணக்கெடுப்பில் ஏறியிருந்தால் பயிர்க்கடனை நீண்ட தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிலும் கேட்கலாம். அதற்காகவாவது கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

அடங்கலில் தொடங்கும் தவறுகள்

இரண்டு பணத்துக்கும் அடிப்படை ஒரே காகிதம். அந்தப் பருவத்தில், அந்தச் சர்வே எண்ணில், அந்தப் பயிர், இன்னார் சாகுபடி என்று காட்டும் அடங்கல். போன ஆண்டு அடங்கலின் நகலை வைத்துக் காப்பீடு பதிவது பல ஊர்களில் வழக்கம். பிறகு நிவாரணப் பட்டியலில் பரப்பு வேறு, காப்பீட்டில் பரப்பு வேறு என்று வந்து இரண்டும் நிற்கும். சிட்டாவில் 1 ஏக்கர் 20 சென்ட் இருக்க, ஒன்றரை ஏக்கர் என்று பதிந்தால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம். உட்பிரிவு எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் அதே கதைதான். கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி இருவரும் முழுப் பரப்புக்கும் தனித்தனியே பதிந்துவிட்டால் இரண்டும் முடங்கும். ஆகவே பதியும் முன்பே யாருக்கு எவ்வளவு என்று பேசி எழுதிவிடுங்கள்.

பதியும்போது கொண்டுபோக வேண்டியவை நடப்புப் பருவ அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். பொதுச் சேவை மையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி என்று எங்கும் கட்டலாம். சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 கடைசி. சில ஆண்டுகளில் சில நாள் நீட்டித்தார்கள், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கடைசி இரண்டு நாளில் இணையதளம் திணறும், மழை பெய்தால் மின்சாரமும் இருக்காது. ரசீதில் கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, பயிர், கணக்கு எண் ஐந்தையும் அங்கேயே நின்று வாசியுங்கள். பக்கத்து வருவாய் கிராமத்தின் பெயர் ஏறிவிட்டால் அந்த ஊரின் மகசூல்தான் உங்களுக்குக் கணக்காகும்.

பயிர்க்கடன் வாங்கியவருக்கு 2020 காரீப் முதல் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வங்கி பிடித்துக்கொள்ளும். பிடித்த பணம் காப்பீட்டு இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பணம் பிடிக்கப்பட்டு, பதிவு ஏறாமல் போன சம்பவங்கள் பல.

குத்தகைச் சாகுபடியில்தான் அதிகம் அடிபடுகிறது. வாய்மொழிக் குத்தகையில் அடங்கல் நில உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். நிவாரணமும் அவர் கணக்குக்கே போய்விடும். நட்ட கையோடு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று பெற்றுவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைப்பது கடினம். கோயில் நிலம் என்றால் குத்தகைப் பாக்கி இல்லாத ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

தென்னை, மாடு, ஆடு

தென்னையில் காப்பீட்டுக்குச் சாதகமான கணக்கு தெளிவாக இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் மிகக் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்தபோது அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டில் 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய். ஆண்டுப் பிரீமியம் 14 ரூபாய், அதில் விவசாயியின் பங்கு கால்வாசி, மூன்றரை ரூபாய். நூறு மரத்துக்கு ஆண்டுக்கு 350 ரூபாய். 4 முதல் 15 வயது மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், 900 ரூபாய் காப்பீடு. தோப்பில் கடற்கரையோரம் உள்ள நாற்பது மரத்தை மட்டும் சேர்க்க முடியாது, ஒரே தொடரில் உள்ள காய்க்கும் மரங்கள் எல்லாம் சேர வேண்டும். மட்டை ஒடிந்து காய்ப்புக் குறைந்தால் பணமில்லை; மரம் சாக வேண்டும் அல்லது அடியோடு பயனற்றுப் போக வேண்டும். தோப்பு வைத்திருப்பவர் இதை எடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கால்நடைக்கு அதே 2022-23 முதல் 2025-26 வரையிலான நிவாரண நெறிமுறையில் கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000. கறவையில் மூன்று பெரிய விலங்கு அல்லது முப்பது ஆடு வரை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும். கோழிக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 10,000. இதெல்லாம் வெள்ளம், புயல் போன்ற அறிவிக்கப்பட்ட பேரிடரில் செத்தால்தான். மழை விட்ட மூன்றாவது வாரம் அம்மையோ கோமாரியோ வந்து செத்த மாட்டுக்குக் கிடையாது. டெல்டாவில் வெள்ளத்துக்குப் பின் நோயில் போகும் மாடு கொஞ்சமல்ல. அந்த இடத்தைக் கால்நடைக் காப்பீடு நிரப்புகிறது. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் 2024-ல் செய்த மாற்றப்படி பயனாளி பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். ஒரு குடும்பத்துக்குப் பத்து மாடு அல்லது நூறு ஆடு வரை. காப்பீட்டுத் தொகை மாட்டின் சந்தை மதிப்பைப் பொறுத்தது. அறுபதாயிரம் பெறும் கலப்பின மாட்டுக்கு நிவாரணம் 37,500-லேயே நிற்கும். ஒன்றிரண்டு நாட்டு மாடு வைத்திருப்பவர் நிவாரணத்தை நம்பலாம். கலப்பினக் கறவையோ நாற்பது ஆட்டுக்கு மேலோ இருந்தால் காப்பீடு எடுப்பதே சரி. மாவட்டத்துக்கு ஒதுக்கீடு குறைவாகவே வரும், ஆகவே கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள்.

விலங்கு செத்தால் இரண்டுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்: கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் அன்றே தகவல், பிரேதப் பரிசோதனை, அறிக்கை. காப்பீட்டுக்கு அதோடு நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும், காது வில்லையின் எண் தெரியும்படி படம் வேண்டும். நாற்றம் தாங்காமல் பரிசோதனைக்கு முன் புதைத்துவிடுவதும், வில்லை கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் விடுவதும்தான் பெரும்பாலான மனுக்களைக் கெடுக்கின்றன. வில்லை விழுந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லி மாற்று வில்லை போட்டு, புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். செத்த பிறகு போட்ட வில்லையை யாரும் ஏற்க மாட்டார்கள்.